புறநகர் மளிகைக் கடை: அமைப்பில் வேண்டும் மாற்றம்

(கூட்டுறவுப் பண்டகசாலை மேலாளர்களுக்கும் வணிகவியல் மாணவர்களுக்கும் நடத்தப்பட்ட பயிற்சி வகுப்பில் ஆற்றப்பெற்ற உரை)

நாட்டின் வாணிபத்தைப் பற்றி ஆராய்வோர் பெரும்பாலும் துறைமுகங்களையும், மொத்த விற்பனைச் சந்தைகளையும், ஏற்றுமதிப் புள்ளிவிவரங்களையுமே முதலில் எடுத்துக் கொள்கின்றனர். ஆனால் ஒரு குடும்பத்தைப் பொறுத்தவரை வாணிபம் என்பது தெருக்கோடியில் உள்ள மளிகைக் கடையே ஆகும். வயலில் விளைந்த துவரையும், ஆலையில் அரைத்த மாவும், செக்கில் ஆட்டிய எண்ணெயும் இறுதியாக வந்து சேரும் இடம் அதுதான். திட்டங்களின் பயன் மக்களைச் சென்றடைகின்றதா என்பதை அக்கடையின் வாயிலில் நின்று பார்த்தால் ஓரளவு அறிந்து கொள்ளலாம்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் 31 விழுக்காட்டினருக்குச் சற்று அதிகமானோர், அதாவது ஏறத்தாழ 37.7 கோடிப் பேர், நகர்ப்புறங்களில் வாழ்ந்தனர். இவர்களில் பலரது இல்லம் நகரின் நடுப்பகுதியில் இல்லை; அதன் விளிம்பில் உள்ளது. 2023-24ஆம் ஆண்டுக்கான குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு, நகர்ப்புறக் குடும்பங்கள் தங்கள் நுகர்வுச் செலவில் 39.68 விழுக்காட்டை உணவுக்கே செலவிடுவதாகக் காட்டுகின்றது. செலவிடும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் நாற்பது ரூபாய் உணவுக்குச் செல்லும்போது, அப்பணம் கைமாறும் இடம் எவ்வாறு அமைந்துள்ளது என்ற கேள்வி அற்பமானதன்று. அது அழகுக்கலை பற்றிய கேள்வியுமன்று. நியாய விலை, சரியான எடை, நேரம், மனித மரியாதை ஆகியவை பற்றிய கேள்வியாகும்.

மேசைக்கு இருபுறம்

நம் நாட்டின் மளிகைக் கடை நெடுங்காலமாக ஒரே வடிவத்தில் இயங்கி வந்துள்ளது. முன்னால் ஒரு மேசை. அதற்குப் பின்னால் கடைக்காரர். அவருக்குப் பின்னால் சரக்கு. வாடிக்கையாளர் வெளியே நிற்பார்; கேட்டதை எடுத்துக் கொடுப்பார்கள். இந்த அமைப்பைப் பழமையானது என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அதில் பல நன்மைகள் உண்டு. ஐம்பது கிராம் சீரகமும் கால் லிட்டர் எண்ணெயும் அங்கே கிடைக்கும். கையில் பணம் இல்லாத மாதக் கடைசியில் கணக்கில் எழுதிக்கொண்டு சரக்குக் கொடுப்பதும் அங்கேதான். முதியவர் ஒருவர் நான்கு நாட்களாக வரவில்லை என்றால் அதைக் கவனிப்பவரும் அக்கடைக்காரரே.

எனினும் குறைகளும் சிறியவை அல்ல. வாங்குபவர் பொருளைத் தொட்டுப் பார்க்க முடிவதில்லை. இரண்டு வகைப் பருப்புகளின் விலையை ஒப்பிட வேண்டுமானால் கடைக்காரரைக் கேட்க வேண்டும். கூட்டம் மிகுந்த நேரத்தில் அப்படிக் கேட்கவே பலர் கூச்சப்படுவர். தராசு மேசைக்கு அப்பால், கடைக்காரர் பக்கம் பார்த்தபடி இருக்கும். உறையின் மீது அச்சிட்டுள்ள அதிகபட்ச சில்லறை விலை என்பது விற்பவர் மீறக் கூடாத எல்லையே தவிர, கொடுத்தே தீர வேண்டிய விலையன்று. ஆயினும் உறை கைக்கு வந்த பின்னரே அவ்விலை வாங்குபவர் கண்ணில் படுகின்றது.

இக்குறைகளுக்கு விடையாக வந்ததே சுயசேவை முறை. 1916ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற கடையைத் திறந்தார். வாங்குபவரே கூடையுடன் உள்ளே சென்று, விலை குறித்த பொருள்களைத் தாமே எடுத்து, வெளிவாயிலில் பணம் செலுத்தும் முறை அங்கே புகுந்தது. 1937இல் ஓக்லஹோமா நகர வணிகர் சில்வன் கோல்ட்மன் சக்கரக் கூடையை அறிமுகப்படுத்தினார். 1974 ஜூன் 26 அன்று ஓஹையோ மாநிலத்தின் ட்ராய் நகரில் கோட்டுக் குறியீட்டைக் கருவி படித்து முதல் விற்பனை நடந்தது. ஒவ்வொரு மாற்றமும் ஏதோ ஒரு வேலையைக் கடைக்காரரிடமிருந்து எடுத்து வாடிக்கையாளரிடமோ இயந்திரத்திடமோ ஒப்படைத்தது என்பது கவனிக்கத் தக்கது.

இந்தியாவின் அனுபவம்

இந்தியாவில் இம்முறைக்கு ஊக்கம் தந்தவற்றுள் கூட்டுறவு இயக்கம் முக்கியமானது. மும்பையில் தொழிலாளர் மிகுந்து வாழ்ந்த நாய்காம் பகுதியில் 1948இல் தோன்றிய 'அப்னா பஜார்' இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மத்திய அரசு ஊழியர்களுக்காக 1963இல் 'கேந்திரிய பண்டார்' அமைக்கப்பட்டது. 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் நாணய மாற்று மதிப்புக் குறைக்கப்பட்டபோது, விலைவாசி ஏறிவிடும் என்ற அச்சம் நகர மக்களிடையே பரவியது. அந்தச் சூழ்நிலையில், அடுத்த மாதமே தில்லி கன்னாட் பிளேசில் 'சூப்பர் பஜார்' திறக்கப்பட்டது. ஒரே கூரையின் கீழ்ப் பல பொருள்கள், எழுதிவைத்த விலை, முறையான ரசீது ஆகியவை தில்லி நடுத்தரக் குடும்பங்களுக்கு அன்று புதிய அனுபவமாக இருந்தன.

ஆனால் அதே சூப்பர் பஜார் பிற்காலத்தில் நட்டத்தில் மூழ்கி, 2002இல் அதைக் கலைக்க உத்தரவு பிறந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நல்ல நோக்கமும் நகர மையத்தில் விரிந்த கட்டடமும் மட்டுமே ஒரு கடையை வாழவைக்கப் போதா. வாங்குவோர் எங்கே வாழ்கின்றனர், எந்த நேரத்தில் வருகின்றனர், எவ்வளவு வாங்குகின்றனர் என்ற மூன்று கேள்விகளுக்கும் கடை அன்றாடம் விடை கூறியாக வேண்டும். நகரம் விளிம்பை நோக்கி நகரும்போது கடையும் உடன் நகர வேண்டும்.

மாலை ஏழு மணி

புறநகர் என்றால் என்ன என்பதை மும்பையைப் போலத் தெளிவாகக் காட்டும் நகரம் வேறில்லை. 1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து தாணே வரை, ஏறத்தாழ 34 கிலோமீட்டர் தூரம் ஓடிய ரயிலே இந்தியாவின் முதல் பயணிகள் ரயில். அந்தத் தடத்தை ஒட்டியும், மேற்கு ரயில்வேயின் தடத்தை ஒட்டியும் தாணே, டோம்பிவிலி, கல்யாண், போரிவிலி, விரார் எனக் குடியிருப்புகள் வளர்ந்தன. வேலைக்குச் செல்லும் பெண்களின் எண்ணிக்கை பெருகியதால் 1992 மே 5 அன்று சர்ச்கேட்டிற்கும் போரிவிலிக்கும் இடையே மகளிருக்கென்றே தனி ரயில் விடப்பட்டது. திரும்பும் பயணத்தில் மடியில் வைத்துக் காய்கறி நறுக்கும் பெண்களை அந்த ரயில்களில் காணலாம். வீட்டு வேலை வண்டியிலேயே தொடங்கிவிடுகின்றது.

மாலை ஏழு மணிக்கு நிலையத்தில் இறங்கும் அத்தகைய பெண் ஒருவரை எண்ணிப் பார்க்க வேண்டும். தோளில் ஒரு பை, கையில் குடை, வீட்டில் பசியுடன் குழந்தைகள். அவருக்கு வேண்டியவை ஒரு கிலோ கோதுமை மாவு, அரைக் கிலோ துவரம் பருப்பு, தேயிலை, சோப்பு. இவற்றை வாங்க அவர் அரை மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டுமானால், அந்த அரை மணியை அவர் தம் தூக்கத்திலிருந்தோ குழந்தையின் படிப்பிலிருந்தோதான் எடுக்க வேண்டியிருக்கும். அந்த இழப்பு எந்த ரசீதிலும் எழுதப்படுவதில்லை.

எனவே கடை அமைப்பைச் சீர்திருத்த விரும்புவோர் முதலில் சீர்திருத்த வேண்டியது இடத்தையன்று, நேரத்தை. ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். மாலை ஏழிலிருந்து எட்டு மணிக்குள் ஒரு கடைக்கு முப்பது பேர் வருவதாகக் கொள்வோம். ஒருவருக்குச் சரக்கெடுத்துப் பணம் பெற மூன்று நிமிடம் ஆகுமானால், மொத்த வேலை தொண்ணூறு நிமிடம். ஒரு மணி முடிவில் பத்துப் பேர் எஞ்சி நிற்பர். மாறாக, அவர்களில் பாதிப் பேர் காலையில் நிலையத்திற்குப் போகும்போதே பட்டியலைக் கொடுத்துவிட்டுச் செல்கின்றனர் என்று கொள்வோம். வேலையில்லாத நண்பகலில் அச்சரக்குகள் கட்டி வைக்கப்படும். மாலையில் அவற்றை ஒப்படைத்துப் பணம் பெற ஒரு நிமிடம் போதும். அப்போது பதினைந்து பேருக்குப் பதினைந்து நிமிடம், மற்றப் பதினைந்து பேருக்கு நாற்பத்தைந்து நிமிடம். ஆக அறுபது நிமிடத்தில் அனைவருக்கும் சரக்குக் கிடைத்துவிடும். கூடுதல் ஆள் இல்லை. கூடுதல் இடம் என்பது கட்டிய பைகளை வைக்க ஒரு தட்டு மட்டுமே.

வீட்டு வாயிலிலேயே சில நிமிடங்களில் சரக்குக் கொடுக்கும் விரைவு வணிக நிறுவனங்கள் பெருநகரங்களில் இன்று பெருகியுள்ளன. அவற்றின் கிடங்குகள் வாடிக்கையாளர் நுழையாத கடைகள். அவற்றோடு மளிகைக் கடை வேகத்தில் போட்டியிடத் தேவையில்லை. ஆனால் காத்திருக்க வைக்கும் கடையை மக்கள் மறந்துவிடுவர் என்பது உறுதி.

கண்ணுக்குத் தெரியும் விலை, கண்ணுக்குத் தெரியும் எடை

அடுத்தது தகவல். வாங்குபவர் அறிய வேண்டியவை கடையின் அமைப்பிலேயே வெளிப்பட வேண்டும். எடை காட்டும் எண்கள் வாங்குபவர் பக்கமும் தெரியும்படி தராசு வைக்கப்பட வேண்டும். அதில் சட்ட அளவியல் துறையின் முத்திரை காணக்கூடிய இடத்தில் இருத்தல் வேண்டும். 1976இல் இயற்றப்பட்ட எடைகள், அளவைகள் தரச் சட்டத்தின் இடத்தில் 2009ஆம் ஆண்டுச் சட்ட அளவியல் சட்டம் வந்துள்ளது. அதன் கீழ் அமைந்த உறைப்பொருள் விதிகளில் 2021இல் செய்யப்பட்ட திருத்தம், ஓர் அலகுக்குரிய விலையையும் உறையில் குறிப்பிட வகை செய்கின்றது.

அலகு விலையின் பயன் யாது? எடுத்துக்காட்டாக, 750 கிராம் உறை 96 ரூபாய். ஒரு கிலோ உறை 125 ரூபாய். முன்னதே மலிவு என்று முதற்பார்வையில் தோன்றும். ஆனால் முன்னதன் விலை கிலோவுக்கு 128 ரூபாய் ஆகின்றது. இந்தக் கணக்கை நெரிசலில் நின்று மனத்தில் போட எல்லோராலும் இயலாது. உறையின் மூலையில் சிற்றெழுத்தில் அச்சிடுவதுடன் நின்றுவிடாமல், ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் பெரிய எண்களில், அவ்வட்டார மொழியில் எழுதி வைத்தால் சட்டம் தந்த உரிமை நடைமுறைக்கு வரும். இதற்கு ஆகும் செலவு ஓர் அட்டையும் ஒரு பேனாவும்தான்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. பெரிய அங்காடிகளில் பொருள்களை அடுக்கும் கலை, தேவையில்லாததையும் வாங்க வைக்கும் கலையாகவே பெரிதும் வளர்ந்துள்ளது. பாலும் மாவும் கடைக்கோடியில். இனிப்புகள் கல்லாவின் அருகே, குழந்தையின் கண் மட்டத்தில். கையில் எண்ணிய பணத்துடன் வரும் தாய்க்கும் அழும் குழந்தைக்கும் இடையே கடை ஒரு வழக்கை மூட்டிவிடுகின்றது. நல்ல அனுபவம் என்ற பெயரில் இம்முறையைக் கூட்டுறவுக் கடைகள் பின்பற்றலாகாது. அன்றாடம் வேண்டும் பொருள்களே வாயிலுக்கு அருகில் இருத்தல் வேண்டும். மக்கள் விரைவாக வெளியேறும் கடைக்கே மீண்டும் வருவர்.

படியும் சாய்தளமும்

2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுருஸ் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. தரைத்தளக் கடைகளில் வெள்ளம் புகுந்தால் மூட்டைகள் என்ன ஆகும் என்பதைப் புறநகர் வணிகர்கள் நன்கு அறிவர். அதனால் கடையின் தளத்தை உயர்த்திக் கட்டுவது இயல்பு. ஆனால் உயர்ந்த தளம் என்றால் படிகள். படிகள் என்றால் முழங்கால் வலியுள்ள மூதாட்டிக்கும், சக்கர நாற்காலியில் வருபவருக்கும், குழந்தை வண்டி தள்ளும் தாய்க்கும் தடை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தடையற்ற அணுகலை உரிமையாக ஏற்றுள்ளது.

சாய்தளத்துக்குப் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விகிதம் ஒன்றுக்குப் பன்னிரண்டு. தளம் 30 சென்டிமீட்டர் உயரம் எனில் சாய்தளம் 3.6 மீட்டர் நீளம் இருத்தல் வேண்டும். மூன்று மீட்டர் முகப்புள்ள ஒரு சிறு கடையால் இதைத் தனித்து அமைக்க முடியாது. ஆனால் வரிசையாக உள்ள ஆறு கடைகளுக்கு ஒரு பொதுத் தாழ்வாரமும், அதன் ஒரு முனையில் ஒரு சாய்தளமும் அமைத்தால் எல்லாருக்கும் பயன்படும். இஃது ஒரு கடைக்காரரால் ஆகக்கூடியதன்று. வணிக வளாகத்தின் வரைபடத்துக்கு ஒப்புதல் வழங்கும் அலுவலரால் ஆகக்கூடியது. கடையின் அமைப்பு கடைக்காரரின் தனிப்பொறுப்பு என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதுவே சான்று.

வெள்ளத்தைப் பொறுத்தவரை தளத்தை மேலும் மேலும் உயர்த்துவதைவிடச் சரக்கை உயர்த்துவதே சிறந்தது. தானிய மூட்டைகள் தரையைத் தொடாமல், சுவரையும் தொடாமல், சட்டங்களின் மீது இருந்தால் ஈரமும் எலியும் எளிதில் நெருங்கா. முதலில் வந்த சரக்கை முதலில் விற்கும் ஒழுங்கும் அவ்வாறு அடுக்கும்போதுதான் எளிதாகும். உணவுப் பாதுகாப்பு என்பது சோதனைக்கூடத்தில் தொடங்குவதன்று. மூட்டைக்கும் சுவருக்கும் இடையே விடப்படும் இடைவெளியில் தொடங்குவதாகும்.

இரண்டுக்கும் நடுவே

இதுவரை கூறியவற்றிலிருந்து ஒரு முடிவு பெறப்படுகின்றது. பழைய மேசைக் கடையை அழித்துவிட்டு அதன் இடத்தில் முழுச் சுயசேவை அங்காடியை வைப்பது மட்டுமே சீர்திருத்தம் ஆகாது. இரண்டின் நன்மைகளையும் இணைக்கும் நடுவழி உண்டு. உறையிட்ட பொருள்கள் கைக்கெட்டும் திறந்த தட்டுகளில். உதிரியாக விற்கும் பருப்பும் மசாலாப் பொருள்களும் மேசையில், வாங்குபவர் பார்க்கும் தராசில். முன்னதில் தெரிவு செய்யும் உரிமை கிடைக்கின்றது. பின்னதில் ஐம்பது கிராம் வாங்கும் உரிமை காக்கப்படுகின்றது. நாட்கூலி பெறும் குடும்பத்துக்கு இரண்டாவது உரிமையே பெரிது. எல்லாவற்றையும் உறையிட்டு அடுக்கிய கடை, எவரையும் வெளியே போகச் சொல்லாமலேயே ஏழையை வெளியேற்றிவிடும்.

உதிரி விற்பனைக்கு இன்னொரு பயனும் உண்டு. மெல்லிய பிளாஸ்டிக் பைகளுக்கு எதிரான விதிகள் கடுமையாகி வருகின்றன. 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறைந்த பைகளுக்கு நாடு முழுவதும் தடை உள்ளது. வீட்டிலிருந்து டப்பாவும் துணிப்பையும் கொண்டு வருவோருக்கு அதன் எடையைக் கழித்து நிறுத்துக் கொடுக்கும் வசதியை உதிரி மேசையில் எளிதில் செய்யலாம்.

மேசைக்கு அப்பால் நிற்பவரையும் மறத்தலாகாது. கடை என்பது ஒருவருக்குப் பணியிடமும் ஆகும். பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை செய்யும் விற்பனையாளரிடம் புன்னகையை எதிர்பார்ப்பது முறையன்று. கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் கடைப் பணியாளர்களுக்கு இருக்கை அளிக்க வேண்டும் என்று சட்டத் திருத்தம் செய்தன. கடையின் வரைபடத்தில் அந்த இருக்கைக்கும், குடிநீருக்கும், கழிப்பறைக்கும் முதலிலேயே இடம் ஒதுக்கப்பட வேண்டும். பிற்பாடு ஒதுக்கலாம் என்று விட்ட இடத்தில் சரக்கு மூட்டைகள் குடியேறிவிடும். வாடிக்கையாளருக்கும் ஒரு விசிப்பலகை வாயிலருகே போட்டால், பட்டியலைக் கொடுத்துவிட்டு முதியவர் அமர்ந்திருக்க முடியும்.

இவற்றுக்கெல்லாம் முதலீடு எங்கிருந்து வரும் என்று கேட்கப்படலாம். தராசைத் திருப்பி வைக்கவும், விலையட்டை எழுதவும், தட்டுகளை மாற்றி அடுக்கவும், காலையில் பட்டியல் வாங்கவும் முதலீடு மிகச் சிறிதே தேவை. சாய்தளத்துக்கும் பொதுத் தாழ்வாரத்துக்கும் உள்ளாட்சி அமைப்பின் முன்யோசனை தேவை. தட்டுகளுக்கும் குளிர்பெட்டிக்கும் கடன் தேவை. இம்மூன்றையும் பிரித்தறியாமல், பணம் வந்த பின்னரே எல்லாம் என்று காத்திருப்பதாலேயே பல கடைகள் பத்தாண்டுகளுக்கு முன் இருந்தவாறே உள்ளன.

பயிற்சி முடித்துத் தத்தம் ஊர் திரும்பும் மேலாளர்கள் முதல் நாள் செய்யத்தக்க செயல் ஒன்று உண்டு. தங்கள் கடையின் வெளியே, மாலை ஏழு மணிக்கு, கையில் ஒரு பையுடன் வாடிக்கையாளராக நிற்க வேண்டும். விலை தெரிகின்றதா, எடை தெரிகின்றதா, படியேற முடிகின்றதா, எத்தனை நிமிடம் ஆகின்றது என்று குறித்துக் கொள்ள வேண்டும். எந்த வல்லுநர் அறிக்கையும் தராத பாடத்தை அந்தக் குறிப்பு தரும். கடையை மேசைக்கு உள்ளிருந்து மட்டுமே பார்த்தவர்கள் அதனை ஒரு முறையேனும் வெளியிலிருந்து பார்த்தல் வேண்டும். சீர்திருத்தம் அங்கே தொடங்கும்.